பெரியங்காணி வீட்டில் ஒரு வார நாடகம்

ரேடியோப் பெட்டிக்குள்ளிருந்து என் பேச்சு வந்தது.

குரல் என்னுடையது இல்லை. யாரோ ஒரு கொழும்புக்காரப் பெண், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசினாள். பேச்சுதான் என்னுடையது. “இந்த வீட்டுல நான் பேசுனா அடுப்பு மட்டுந்தான் கேக்குது. அதுவும் ஊதுனாத்தான் கேக்குது” என்றாள் அவள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை நான் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லுவேன். அந்த ஆள் எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் என் வீட்டுக்காரர், தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சூசை. பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அட பாவி மனுசா, இதை எழுதினது நீயா என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஓடிப்போய் அந்தப் பெட்டியை நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். ஏனென்றால் நாங்கள் அந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது பெரியங்காணி வீட்டில், தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணி வீட்டில். நாடகத்தில் வந்த கெட்டவனும் ஒரு பெரியங்காணி.

போன வாரம் என் கல்யாணக் கதையை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் படித்துவிட்டு என் மருமகள் சொன்னாள்: “மாமி, டிவி நாடகத்துக்கு நீங்க சொல்லுற அபிப்பிராயத்தையும் எழுதுங்க. சனம் சிரிக்கும்.” டிவியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. அதில் வருகிற பெண்கள் தூங்கி எழும்பும்போதும் அட்டிகையோடு எழும்புகிறார்கள். அதைத் தவிர எனக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் ஒரு நாடகத்தை ஒரு வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நாற்காலியும் சாக்கும்

ஹட்டனுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் நடுவில், பஸ் போகிற ரோட்டை விட்டு மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அறுபதுகள் ஆரம்பித்த காலம். எங்கள் டிவிஷனில், தோட்டத்தின் எங்கள் பகுதியில், அப்போது இருந்தது ஒரே ஒரு ரேடியோ, அது பெரியங்காணி வீட்டில் இருந்தது. மேலே வெள்ளை நூலில் பின்னிய துணி, கீழே மேசைக்கடியில் கார் பேட்டரி. பேட்டரி இறங்கிப்போனால் அதை ஆள் தலையில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோய், பஸ்ஸில் போட்டு ஹட்டனுக்கு அனுப்பி, மின்சாரம் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

பெரியங்காணிக்கு அந்தக் காலத்தில் முன்னே இருந்த அதிகாரம் பாதி போய்விட்டது. தொழிற்சங்கம் வந்துவிட்டது. இருந்தாலும் தோட்டத்தை நடத்துகிற தொரை இன்னமும் அவர் வாயைத்தான் பார்ப்பார். போன அதிகாரத்தை அவர் ரேடியோவில் ஈடு கட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். செய்தி முடிந்து நாடகம் வைக்கிற நேரத்துக்கு எல்லோரும் வரவேண்டும். உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு உள்ளே நாற்காலி, பெஞ்சு. வரிசை வீடுகளில் இருக்கிற லயத்துச் சனத்துக்கு வாசலில் சாக்கு. வராவிட்டால் மறுநாள் பெரட்டில், ஆள் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், “என்னா, நம்ம ரேடியோ கசக்குதோ” என்று கேட்பார்.

என் வீட்டுக்காரருக்கு அவர் பக்கத்திலேயே இடம். ரேடியோத் தமிழில் விளங்காத சொல் வந்தால் வாத்தியார் அர்த்தம் சொல்ல வேண்டும். அதற்காகவே அந்த பெஞ்சு.

இப்போது யோசித்துப் பாருங்கள். தன்னைக் கெட்டவனாக வைத்து எழுதிய நாடகத்துக்கு, எழுதினவனையே பக்கத்தில் உட்கார வைத்து அர்த்தம் கேட்கிற மனிதனை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரரை. அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்ற என்னை.

திங்கட்கிழமை நல்ல ஆரம்பம்

நாடகத்தின் பெயர் ‘ஓரத்துக் காம்பரா’. அறிவிப்பாளர் ஏதோ ஒரு புனைபெயரைச் சொன்னார், அது யார் பெயர் என்று யாருக்கும் தெரியாது. திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய, நாளுக்குக் கால் மணி நேரம்.

கதை இதுதான். செல்லாயி என்று ஒருத்தி, புருசனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். லயத்தின் ஓரத்துக் காம்பராவில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஓரத்துக் காம்பரா என்றால் வரிசையின் கடைசி அறை, பக்கத்தில் கொஞ்சம் மண் இருக்கும், நாலு கீரை போடலாம், ஒரு சாய்ப்பு இறக்கி மாடு கட்டலாம். அதைத் தன் தங்கை மகனுக்குக் கொடுக்கப் பெரியங்காணிக்கு ஆசை. செல்லாயியைப் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக் காம்பராவுக்குள் போய் ஒண்டிக்கொள்ளச் சொல்கிறார். அங்கே ஏற்கெனவே கால் நீட்ட இடமில்லை.

நாடகத்தில் அந்தப் பெரியங்காணி பேசின முதல் வசனம்: “செத்தவனுக்குக் காம்பரா எதுக்கு?”

வாசலில் அதுவரை இருமிக்கொண்டிருந்தவர்கள் கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் அந்த வசனத்தை நாலைந்து மாதத்துக்கு முன்னால் பெரட்டில் வைத்து எங்கள் பெரியங்காணி சொன்னார். சொன்னது ராக்குவிடம். அவளும் புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், அவள் இருந்ததும் ஓரத்துக் காம்பரா. தீபாவளி முடிந்ததும் காலி செய்துவிட வேண்டும் என்று கெடு வைத்திருந்தார். ராக்கு அன்றைக்கு வாசலில் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

பெரியங்காணி சாய்மான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இந்தப் பய யாரு? நல்லாப் பேசுறான்” என்றார்.

“நடிகருங்க ஐயா” என்றார் என் வீட்டுக்காரர்.

என் அபிப்பிராயம் கேட்டால், முதல் நாள் நாடகம் அருமை. கெட்டவனுக்குக் குரல் கொடுத்தவர் நல்ல நடிகர். செல்லாயிதான் சரியில்லை. காலையில் இருந்து கூடை சுமந்தவள் அப்படி இழுத்துப் பேச மாட்டாள், மூச்சு இருக்காது. மழைக்குப் பயறு வறுக்கிற சத்தம் போட்டிருந்தார்கள். இதையெல்லாம் நான் வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவருக்கு முன்னால் விடுவிடென்று நடந்தேன்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். “என்னாங்க இது?”

“போடுவாங்கன்னு நான் நெனைக்கல லூர்து. அனுப்பி ரொம்ப நாளாச்சு.”

“அவரு வீட்டுலயே கேப்பாருன்னும் நெனைக்கல.”

“அதையும் நெனைக்கல.”

மொத்தத்தில் மனுசன் எதையுமே நினைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தை ஒட்டின அந்த வீடு தோட்டம் கொடுத்தது. வேலை தோட்டம் கொடுத்தது. தொரையிடம் பெரியங்காணி ஒரு வார்த்தை சொன்னால் இரண்டும் போய்விடும். நான் செபமாலையை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன்.

பீலிக்கரைத் தீர்ப்பு

மறுநாள் விடியற்காலை பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே வேறு பேச்சே இல்லை. மலையிலிருந்து தகரத்தில் இறங்கி வருகிற தண்ணீருக்குக் குடத்தைக் காட்டிவிட்டு எல்லோரும் நாடகத்தை அலசினார்கள். தலைமை மாரியாயி. கொழுந்து எடுப்பதில் கைக்காரி, வாய் அதைவிட வேகம்.

“இது அப்பிடியே நம்ம ராக்கு கதை” என்றாள் மாரியாயி. “எவனோ நம்ம தோட்டத்துல இருந்துக்கிட்டுத்தான் எழுதுறான்.”

எவன் என்பதில் அபிப்பிராய பேதம் இருந்தது. கிளாக்கரின் தம்பி என்றாள் ஒருத்தி. ஹட்டன் சங்கத்துத் தம்பி என்றாள் இன்னொருத்தி. பஸ் கண்டக்டராகவும் இருக்கலாம், அவனுக்கு எல்லாத் தோட்டத்துச் சங்கதியும் தெரியும் என்றாள் மூன்றாமவள்.

“வாத்தியாரு எழுதியிருப்பாரோ” என்று யாரோ ஆரம்பித்தார்கள். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் எடுக்கவில்லை.

“யாரு, நம்ம வாத்தியாரா?” மாரியாயி சிரித்த சிரிப்பில் மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். “அவரு ஒரு வார்த்தை பேச ஒரு பொழுது ஆகும். ஏழு நாளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? ஏம்மா வாத்தியாரம்மா, நான் சொல்றது சரிதானே?”

“ரொம்பச் சரி” என்றேன். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நான் குறை சொன்ன அந்த ஊமைத்தனத்துக்கு அன்றைக்குத்தான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

ஒன்று கவனித்தேன். பெரியங்காணிக்கு இன்னும் விளங்கவில்லை, சனத்துக்கு விளங்கிவிட்டது, ஆனால் யாரும் அவரிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், “அந்தக் கெட்டவன் நீங்கதான் ஐயா” என்று யார் வாயால் சொல்வது? அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாக்கில் இடமே இல்லை. கைப்பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பரா ஆயாவிலிருந்து காவல்காரன் வரை வந்துவிட்டார்கள். பெரியங்காணிக்கு மகா சந்தோஷம்.

முட்டை போன கதை

நான் ஏன் இப்படிப் பயந்தேன் என்று இளம் பிள்ளைகளுக்கு விளங்காது. அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பால் பல் விழுகிற வயது. நாங்கள் நானுஓயாப் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்தோம். ஒரு நாள் பெரட்டில் கங்காணி ஏதோ வேலை சொன்னார், அப்பா “ஏன்” என்று கேட்டார். அவ்வளவுதான். பத்துச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தை விட்டுப் போ என்று கொடுக்கிற சீட்டுக்கு அந்தப் பெயர்.

அம்மா தலையில் சட்டி பானை, அப்பா தோளில் பாய், என் கையில் ஒரு கூடை. கூடைக்குள் எங்கள் கோழி. ரயிலில் ஹட்டனுக்கு வந்து இறங்கினோம். அதற்கப்பால் எங்கே போவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. ஸ்டேஷன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டோம். ஒரே பனி. எஞ்சின் கரிப் புகை மூக்கில் ஏறிற்று.

மேடை கூட்டுகிற ஆள் வந்து எழும்பச் சொன்னார். அந்த நேரம் பார்த்து என் கூடைக்குள் கோழி முட்டை போட்டுவிட்டுக் கொக்கரித்தது. அம்மா அந்த முட்டையைத் தன் முந்தானையில் துடைத்து, சூடு ஆறுவதற்குள் அந்த ஆளிடம் நீட்டினார். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் கூட்டப் போய்விட்டார். எனக்கு அந்த முட்டை மேல் அவ்வளவு ஆசை இருந்தது. அன்றைக்கு முழுக்க நாங்கள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

பிறகு நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டு வேலையில் அப்பாவுக்குக் கல் உடைக்கிற இடம் கிடைத்தது, பிழைத்தோம். ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தது என் உடம்பை விட்டுப் போகவில்லை. என் பிள்ளைகள் அப்படி உட்காரக் கூடாது என்பதுதான் என் ஒரே பிடிவாதம். அதனால்தான் வாத்தியாரைக் கட்டிக்கொண்டேன். அவர் வாயே திறக்க மாட்டார், யாரிடமும் “ஏன்” என்று கேட்க மாட்டார் என்று நம்பிக் கட்டிக்கொண்டேன். அவர் என்னடா என்றால் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ரேடியோவில் கேட்டுவிட்டார்.

புதன்கிழமை இடி, வியாழக்கிழமை கம்பு

புதன்கிழமை நாடகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பின்னேரத்திலிருந்தே இடியும் மின்னலும். பெட்டிக்குள் கரகரவென்று சத்தம், நடுவில் செல்லாயி “ஐயோ” என்றாள், பிறகு மறுபடியும் கரகர. என் அபிப்பிராயத்தில் ஏழு நாளில் அதுதான் சிறந்த நாள். இந்த இடி ஞாயிறு வரை நிற்காமல் இருக்க வேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் வானம் பளிச்சென்று விடிந்தது. பீலிக்கரையில் மாரியாயி விட்டுப்போன கதையைத் தானே சொல்லி நிரப்பிவிட்டாள். அவள் கதையில் கங்காணியைப் பாம்பு கடித்திருந்தது.

வியாழக்கிழமை வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. எங்கள் பெரியங்காணிக்கு ஒரு பழக்கம். ஏதாவது கடுமையாகச் சொல்லப் போகிறார் என்றால் முதலில் கைக்கம்பால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு “நான் ஒண்ணும் சொல்லல” என்பார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லுவார். அன்றைக்கு நாடகத்தில் கங்காணி செல்லாயி வீட்டு வாசலில் வந்து நின்றார். டொக், டொக் என்று சத்தம். “நான் ஒண்ணும் சொல்லல...”

வாசலில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் எழும்பி இருட்டுக்குள் ஓடிவிட்டான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியங்காணி தன் கம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். “நான் ஒண்ணும் சொல்லல” என்றார். “ஆனா இந்த ஆளு செய்யிறது அநியாயம் வாத்தியாரே. பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கவள எப்பிடி வெளிய போடுறது? நீங்க என்னா சொல்றீங்க?”

“ஆமாங்க ஐயா” என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அன்றைக்கு வீட்டில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “பேச்சுதான் போட்டீங்க. அந்தக் கம்பையுமா போடணும்? உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?”

“அந்தக் கம்பு இல்லாம அந்த ஆளு வரமாட்டேங்குறாரு லூர்து” என்றார் அவர். “எழுதி எழுதிப் பாத்தேன். கம்பு வந்தப்புறந்தான் நடக்க ஆரம்பிச்சாரு.”

“சரி, ஞாயித்துக்கெழம என்னா ஆகுது?”

சட்டையைக் கொடியில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார்.

“கேக்குறேன்ல.”

“தொரை பெரட்டுல வச்சு எல்லாருக்கும் முன்னால கங்காணிய வேலைய விட்டு நிப்பாட்டுறாரு” என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். எந்தச் சட்டி, எந்தப் பாய், எந்தப் பிள்ளை எதைத் தூக்கும் என்று.

வாத்தியார் பேசுகிறார்

வெள்ளிக்கிழமை நாடகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கோயில் காட்சி, மணி அடித்தார்கள், செல்லாயி அழுதாள். அழுகைக்கு மட்டும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை பேட்டரி இறங்கிவிட்டது. காலையில் அந்தச் செய்தி காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் பெரியங்காணி விடுவாரா. ஆள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். எங்கள் பஸ் என்றைக்கும் நேரத்துக்கு வந்தது கிடையாது. அன்றைக்கு நேரத்துக்கு வந்தது. ஹட்டன் கடையில் கூட்டம் இல்லையாம், உடனே ஏற்றிக் கொடுத்துவிட்டார்களாம். பொழுது சாயும்போது பேட்டரி மேசைக்கடியில் இருந்தது.

அன்றைய நாடகத்தில் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். நல்லவர், நியாயம் தெரிந்தவர், செல்லாயிக்காகத் தொரையிடம் போய்ப் பேசுகிறார். பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். மனித உரிமை என்கிறார், தாய்மை என்கிறார், ஒரு திருக்குறளும் சொல்லுகிறார். தொரை வேறு அழகான தமிழில், “நன்று சொன்னீர் ஆசிரியரே” என்கிறார்.

எனக்கு இருந்த பயத்திலும் கோபம் வந்தது. வீட்டில் உப்பு வாங்கி வந்தீர்களா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற மனிதர், நாடகத்தில் தன்னை வைத்து இவ்வளவு பேச வைத்திருக்கிறார். ஏழு நாளில் மோசமான நாள் எது என்று கேட்டால் நான் சனிக்கிழமையைத்தான் சொல்லுவேன். பெரியங்காணியும் கொட்டாவி விட்டார்.

“இந்த வாத்தியாரு ரொம்பப் பேசுறாரு” என்றார். “நம்ம வாத்தியாரு எவ்வளவோ தேவல.”

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டன் கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். நான் மாதா முன்னால் முழங்காலில் நின்றபோது என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கடைசியில், “இந்த மனுசனை எனக்குக் குடுத்தது நீங்கதான், நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

சாயங்காலம் பெரியங்காணி வீட்டு வாசலில் டிவிஷனே கூடியிருந்தது. மற்ற நாளில் முணுமுணுப்பு இருக்கும், வெற்றிலை இடிக்கிற சத்தம் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. ராக்கு இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு கடைசிச் சாக்கில் இருந்தாள்.

நாடகத்தில் கொம்பு ஊதினார்கள், பெரட்டு கூடியது. தொரை செல்லாயியைக் கூப்பிட்டு விசாரித்தார். பிறகு கங்காணியைப் பார்த்து, “இன்றோடு உமக்கு இங்கே வேலை இல்லை” என்றார். டொக், டொக் என்று கம்பு சத்தம் கேட்டது. ஆனால் கங்காணி எதுவும் சொல்லவில்லை. அந்தக் கம்பு கீழே விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லாயி காம்பராக் கதவைத் திறந்து விளக்கு ஏற்றினாள். சங்கீதம் போட்டு முடித்துவிட்டார்கள்.

சொன்னால் என் வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று இத்தனை வருசம் சொல்லாமல் வைத்திருந்தேன். அது நல்ல முடிவு. அந்தக் கம்பு விழுந்த இடத்தில் நான் என் பயத்தைக்கூட மறந்துவிட்டேன்.

பெரியங்காணி கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார். யாரும் அசையவில்லை. அவர் எழும்பாமல் யாரும் எழும்பக் கூடாது.

அவர் தன் கம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றார். “வாத்தியாரே, உங்களத்தான். இத எழுதுனவன் யாருன்னு எனக்குத் தெரியணும்.”

என் வீட்டுக்காரர் எழும்பி நின்றார். எனக்குத் தெரியும், அவர் பொய் சொல்ல மாட்டார். அவருக்குப் பொய் சொல்லுகிற அளவுக்கு வார்த்தை கிடையாது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தார்.

“ஏன்னா அந்த ஆளு கையப் புடிச்சி எனக்குக் கண்ணுல ஒத்திக்கணும்” என்றார் பெரியங்காணி.

என் வீட்டுக்காரர் திறந்த வாயை மூடவில்லை.

“கீழத்தோட்டத்துல இருக்காரே நம்ம சம்பந்தி, அந்தப் பெரியங்காணி. அவர அப்பிடியே உரிச்சு வச்சிருக்கான்யா. அந்த ஏத்தம், அந்தப் பேச்சு. கம்பக்கூட விடல. எம் பொண்ண அங்க குடுத்துட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்.” அவர் விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஏழு நாளும் அந்த மனுசன் ரேடியோவுக்கு முன்னால எப்பிடி ஒக்காந்திருந்திருப்பாரு. மூஞ்சிய எங்க வச்சிருப்பாரு.”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வாசலில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். மாரியாயி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

சிரித்து முடித்ததும் பெரியங்காணியின் கண் கடைசிச் சாக்குக்குப் போயிற்று.

“ஏ ராக்கு” என்றார். “நீ அந்தக் காம்பராவிலேயே இரு. எந் தங்கச்சி மகனுக்கு வேற எடம் பாத்துக்கலாம். அந்த ஆளு மாதிரி நாம இருக்கோம்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது, பாரு.”

ராக்கு எழும்பிக் கும்பிட்டாள். எனக்கு நெஞ்சில் கட்டியிருந்த கல் அப்படியே இறங்கிற்று. சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்ளர்களை எடுத்து வைக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அடுப்படியில்

கங்காணியம்மா அங்கே அடுப்பு முன்னால் மணையில் உட்கார்ந்திருந்தார். பெரியங்காணியின் மனைவி. ஏழு நாளும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்துதான் நாடகம் கேட்டார். கூட்டத்துக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பதோடு சரி, அவர் சத்தம் முன் அறைக்கு வந்ததே இல்லை.

“வாத்தியாரம்மா, ஒக்காரு” என்றார். எனக்கு ஒரு தம்ளரில் சூடாக ஊற்றி, ஒரு துண்டு கருப்பட்டியும் கையில் வைத்தார். “குடி. ஏழு நாளா ஓம் மூஞ்சியில ரத்தமே இல்ல.”

நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“முத நாளே எனக்குத் தெரியும்” என்றார் கங்காணியம்மா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. “அடுப்பு மட்டுந்தான் கேக்குதுன்னு அந்தப் பொம்பள சொல்லுச்சு பாரு, நான் இங்கிருந்து ஒன்னப் பாத்தேன். நீ ஒம் புருசனப் பாத்த. அப்பறம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.”

“கங்காணியம்மா...”

“அன்னைக்கே படுக்கையில அவரு காதுல போட்டுட்டேன். இது அப்பிடியே நம்ம சம்பந்தி கதைங்கன்னு. மனுசன் கெட்டியாப் புடிச்சிக்கிட்டாரு.” அடுப்புக்குள் ஒரு குச்சியைத் தள்ளினார். “பயப்படாத. எங்கிட்டருந்து போகாது. ராக்குக்காக நானும் ரெண்டு தடவ சொல்லிப் பாத்தேன், அவரு காதுல ஏறல. ரேடியோ சொல்லித்தான் ஏறியிருக்கு.”

எனக்கு அவர் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. குனிந்தேன், என் தோளைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

“நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். “சனிக்கெழம மட்டும் சவசவன்னு போச்சு. ஆனா எனக்கு ஒரு கொற இருக்கு, ஒம் புருசங்கிட்டச் சொல்லு.”

“சொல்லுங்க.”

“அந்தக் கங்காணிக்குப் பொண்டாட்டி இருக்கான்னு முத நாளே சொன்னாங்க. ஏழு நாளும் அவ எங்க போனா? அவளுக்கு ஒரு வார்த்தை கூடக் குடுக்கலையே. அந்த ஆளோட குடும்பம் நடத்துனவளுக்கு ஒண்ணும் தெரியாதா?”

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகிற பாதையில் என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார், நான் பின்னால். பயம் விட்டுப்போனதில் அவர் சன்னமாகச் சீட்டி அடித்துக்கொண்டு போனார். அவர் சீட்டி அடிப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கங்காணியம்மா சொன்னதைச் சொன்னேன்.

சீட்டி நின்றது. பாதையிலேயே நின்றுவிட்டார்.

“அவங்க பேசி நான் கேட்டதே இல்லையே லூர்து. அவங்க என்னா பேசுவாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியலேன்னா போயிக் கேளுங்க” என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு, பெரியங்காணி வீட்டு முன் வாசல் பக்கம் போகாமல், அடுப்படிக் கதவுப் பக்கமாகப் போனார்.